கலண்டரில் விழுகிற தண்ணீர்

என் செல்ல மகனுக்கு,

சந்தோஷமான சங்கதிகளை முதலில் எழுதிவிடுகிறேன். அவற்றைச் சொல்லாமல் வேறு எதையும் தொடங்க எனக்கு வராது. உன் பெரியக்காவின் மூத்தவள் ஸ்கொலசிப் சோதனையில் பாஸ். அவளுடைய பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான். தலைமை வாத்தியார் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து சொன்னார். வீட்டில் சீனி இல்லை, பனங்கட்டியைக் கையில் கொடுத்துத்தான் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் அதற்கே மகிழ்ந்து போனார். அவளுக்கு அடுத்தவன் பேச்சுப் போட்டியில் முதலாவது. பேசத் தொடங்கினால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டான், அது உன் ஐயாவின் பக்கத்துக் குணம். உன் அண்ணையின் மகன் ஓட்டப்போட்டியில் கிண்ணம் வாங்கினான். அதை அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வெள்ளியோ என்று கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுகிறேன். சின்னக்காவின் குழந்தைக்குப் பல்லு முளைத்து, பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டினோம். தட்டில் காப்பு, ஏடு, கத்தரிக்கோல், பேனை எல்லாம் வைத்தோம். பிள்ளை தவழ்ந்து போய்ப் பேனையைப் பிடித்தது. உன் சின்னக்கா தட்டை மெல்லத் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன், ஆனாலும் பிடித்தது பிடித்ததுதான். இவர்கள் எல்லோருக்கும் மேலே நீ. எங்கள் ஒழுங்கையில் பட்டம் பெற்ற முதல் பிள்ளை. சந்தைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்களும் உன்னைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்கிறேன்.

உன்னுடைய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டாலும் உன் கையெழுத்தை வாசிக்க எனக்கு யாரும் வேண்டாம். இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றும், மற்ற இடத்தில் சம்பளம் கூட என்றும், ஆனாலும் சவுக்காரக் கம்பனிக்குத்தான் போகப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். காரணமும் எழுதியிருந்தாய். 'மற்றவர்கள் வியாபாரம் மட்டும் செய்கிறவர்கள், அம்மா. இவர்கள் எங்கள் ஊருக்குத் தண்ணீர் தந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் வேலை செய்தால்தான் எனக்கு மனம் நிறையும். என்னோடு நேர்முகத்துக்கு வந்த பெடியன்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.' இவ்வளவையும் வாசித்தபோது எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது. ஊரை நினைத்துச் சம்பளத்தை விடுகிற பிள்ளையை எந்தத் தாய் குறை சொல்லுவாள்? அதற்கு அடுத்த வரியில்தான் நின்றுவிட்டேன். 'தண்ணீர்த் தாங்கி திறந்த அன்று நீங்கள் குடத்தைச் சரித்து என் கையில் ஊற்றினீர்கள். அந்தக் குளிர் இன்னும் என் கையில் இருக்கிறது' என்று எழுதியிருந்தாய்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அடுப்பில் இருந்ததை இறக்கினேன். திரும்பி வந்து அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன். மகனே, தாங்கி திறந்த அன்று நீ ஊரில் இல்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு உன் ஐயா உன்னை அநுராதபுரத்துக்கு, அவர் வேலை செய்த கடைக்குக் கூட்டிப்போயிருந்தார். அந்த ஒரு விடுமுறைக்குத்தான் கூட்டிப்போனார். கோச்சியில் யன்னல் ஓரம் இருந்தாய் என்று வந்து எத்தனை நாள் சொன்னாய்! நீ திரும்பி வந்தபோது தாங்கிக்குக் கட்டிய மாவிலை சருகாகிவிட்டது. அதைவிட இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குத் தண்ணீர் வரவே இல்லை.

அந்தத் தாங்கி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. எங்கள் சுருவில் ஊர்க் கிணறுகளில் வருவது உவர்த் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் மண்கும்பான் பக்கத்திலிருந்து வண்டியில் பீப்பாய்களில் வரும். உவர்த் தண்ணீரில் அந்தக் கம்பனியின் சவுக்காரம் நுரைக்காது. பெண்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, தேங்காய்த் துண்டால் உரஞ்சினாலும் இதைவிட அழுக்குப் போகும் என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இது கொழும்புவரை போனதோ என்னவோ, கம்பனியிலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். ஊருக்கு நல்ல தண்ணீர் தரப்போகிறோம் என்றார்கள். நாலு காலில் சீமெந்துத் தாங்கி எழும்பியது. வெள்ளை அடித்தார்கள். கீழே நாலு குழாய் வைத்தார்கள். தண்ணீரை ஏற்றுகிற இயந்திரம் மட்டும் வந்து சேரவில்லை. அது அடுத்த கிழமை வரும் என்றார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, கொழும்பிலிருந்து துரை வந்தாயிற்று, படம் பிடிக்கிறவரும் வந்தாயிற்று. விழாவை நிறுத்த ஏலாது அல்லவா?

பெண்கள் எல்லோரும் மண்குடத்தோடு போயிருந்தோம். படம் பிடிக்கிறவர் மண்குடம் வேண்டாம், பித்தளைக் குடம் வேண்டும் என்றார். பக்கத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு ஓடிப்போய் ஒன்று கொண்டு வந்தார்கள். யாரை நிறுத்துவது என்று பார்த்து என்னைப் பிடித்தார். பக்கத்து வீட்டுப் பார்வதி உடனே, "பாரடி, உன்ரை மூக்குத்திக்கு வந்த அதிஷ்டத்தை" என்று இடித்தாள். "குடத்தைக் குழாய்க்குக் கீழே பிடியுங்கோ அம்மா. தண்ணீர் விழுகிற மாதிரி நினைச்சுக்கொண்டு பாருங்கோ" என்றார் அவர். நான் பார்த்தேன். படம் பிடித்து முடிந்ததும் துரை கிட்ட வந்து, கைகூப்பி, "தண்ணீர் எப்படி அம்மா? நல்லதோ?" என்று கேட்டார். குழாயில் ஒரு சொட்டு இல்லை. அவருக்கும் அது தெரியும். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஓம் ஐயா, நல்ல தண்ணி" என்றோம்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று கொழும்பில் இருக்கிற உனக்கு விளங்குமோ தெரியாது. எங்கள் தீவில் ஒருவர் தருகிற தண்ணீரைக் குறை சொல்கிற வழக்கம் இல்லை. என்னைப் பொம்பிளை பார்க்க வந்த உன் அப்பப்பா, எங்கள் வீட்டு உவர்த் தண்ணீரை மூச்சுப் பிடித்துக் குடித்து முடித்து, கண் கலங்க, "நல்ல தண்ணி" என்று சொல்லித்தான் செம்பைத் திருப்பித் தந்தார். உள்ளே நின்ற நான் அதைக் கேட்டுத்தான் இந்த வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். தண்ணீர் என்று கேட்டால் நல்லது என்றே வாய் சொல்லிவிடும். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னது. துரை அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.

தைப்பொங்கலுக்கு முன்னர் கடைக்குக் கலண்டர் வந்தது. நான் பெரிதாக, மூக்குத்தி மினுங்க, நடுவில் நிற்கிறேன். குழாயிலிருந்து தடிப்பாய் வெள்ளைத் தண்ணீர் குடத்துக்குள் விழுகிறது. கீழே, 'நல்ல தண்ணி: ஒரு தாயின் வாய்ச்சொல்' என்று கொட்டை எழுத்து. அச்சுக்கூடத்தில் யாரோ தூரிகையால் அந்தத் தண்ணீரைத் தீட்டியிருக்கிறார்கள். நாங்கள் கடை வாசலில் நின்று வயிறு நோகச் சிரித்தோம். "எடி, குடம் நிரம்பி வழியப்போகுது, கெதியாய் வீட்டை கொண்டு போ" என்றாள் பார்வதி. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் என் முகம் அச்சில் வந்தது எனக்குப் பெரிய காரியம். ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சுவரில் மாட்டினேன். மாதத் தாள்கள் எல்லாம் கிழிந்து போய்ப் படம் மட்டும் இன்றைக்கும் அதே ஆணியில் தொங்குகிறது.

நீ அநுராதபுரத்திலிருந்து வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், தாங்கியைப் பார்க்க ஓடினாய். நான் பின்னால் வந்தேன். நாலு குழாயையும் திருகினாய். ஒன்றுமில்லை. நாலாவதின் வாயில் காதை வைத்தாய். நல்ல மத்தியானம், காகம் கூடக் கத்தவில்லை. "அம்மா, உள்ளுக்கை ஆரோ மூச்சு விடுகினம்" என்றாய். "காத்தடா" என்றேன். "காத்தெண்டால் ஏன் நான் கதைக்கேக்கை நிக்குது?" என்று கேட்டாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி உனக்குக் கொஞ்சம் உடம்பு காய்ந்தது, திருநீறு பூசிப் படுக்கவைத்தேன். தாங்கியைப் பற்றி உனக்கு இருக்கவேண்டிய ஞாபகம் இதுதான். இதை நீ ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை.

உன் ஐயாவைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். அவர் கடைவேலைக்குப் போக வெளிக்கிட்டபோது அவருக்கும் இரண்டு முதலாளிமார் கிடைத்தார்கள். ஒருவர் எங்கள் கோயிலுக்கு மண்டபம் கட்டிக்கொடுத்தவர். வாசற்படியில் அவருடைய பெயர் வெட்டியிருக்கும். தேர்த்திருவிழாவுக்கு வந்தால் சனம் வழிவிடும். மற்றவர் கோயில் பக்கம் ஒரு தேங்காய் கூட உடைக்காத கஞ்சன் என்று பெயர் எடுத்தவர். ஊர்ப் பெடியன்கள் எல்லோரும் முதலாவது ஆளிடம்தான் போனார்கள், உன் ஐயாவும் போனார். அங்கே செத்தல் மிளகாய்ச் சாக்குகளுக்கு மேலே படுக்கை. அந்த இருமல் அவரை விட்டுப் போகவேயில்லை. கஞ்சன் என்றவரின் கடைப் பெடியன்கள் வருஷப்பிறப்புக்குக் கன்னத்தில் சதை வைத்து வருவார்கள். அவர் அவர்களைத் தன்னோடு இருத்திச் சாப்பிட வைப்பாராம். "மாறிப் போங்கோவன்" என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "அவர் கோயிலுக்குச் செய்தவர். அவரை விட்டிட்டு ஆரிட்டைப் போறது?" என்பார். கடைசிக் காலத்தில் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் படியில் குந்தி, முதலாளியின் பெயருக்குக் கீழே வெறும் கல்லாய் இருக்கிற இடத்தை விரலால் தடவுவார். ஒருநாள், "இஞ்சை பார், என்ரை பேரும் கிடக்கு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். வழுவழுப்பான கல்லுத்தான் இருந்தது. அவர் எழுத்து எழுத்தாய்க் கூட்டி வாசித்தார். விரல் கல்லின் மேல் ஒவ்வொரு எழுத்தின் வளைவிலும் வளைந்தது. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மறுபடி குனிந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கலண்டர் போன இடமெல்லாம் கம்பனிக்கு நல்ல பெயர். அதைப் பார்த்துத்தான் பெடியன்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதை நான் உன் கடிதம் வருவதற்கு முன்னரே கண்டேன். ஒரு நாள் சாவகச்சேரிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் படலையில் வந்து நின்றான். நெற்றியில் சந்தனம், கையில் தொப்பி, நல்ல வளர்ப்பு. "நீங்கள்தானே அந்த அம்மா?" என்று கேட்டுக் காலைத் தொட்டான். பாங்கு வேலையை விட்டுவிட்டு அந்தக் கம்பனியில் சேர்ந்தானாம். "காசு எங்கேயும் வரும் அம்மா. உங்கடை படத்தைப் பாத்த பிறகு எனக்கு வேறை இடத்திலை வேலை செய்ய மனம் வரேல்லை" என்றான். தாங்கியைப் பார்க்கவேண்டும் என்றான். கூட்டிப்போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் குழாயைத் திருகி, இரண்டு கையையும் கூட்டி ஏந்தி, குனிந்து வாயில் வைத்தான். மிடறு விழுங்கினான், தொண்டை ஏறி இறங்கியதைக் கண்டேன். பிறகு நிமிர்ந்து, கையை இரண்டு தரம் உதறி, சால்வைத் தலைப்பால் வாயைத் துடைத்து, "என்ன குளிர் அம்மா" என்றான். நான் கீழே பார்த்தேன். சீமெந்து வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. வெயிலுக்கு உடனே காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகனே, எது காய்ந்திருக்கும்?

வீட்டுக்கு வந்து பார்வதியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதிலை என்ன புதினம்? அண்டைக்கு வந்த தண்ணி அப்பிடித்தானே இருந்தது" என்றாள்.

"எண்டைக்கு வந்தது?"

"திறப்பு விழா அண்டைக்கு. பிறகுதான் நிண்டிட்டுது."

"பார்வதி, அண்டைக்கு ஒரு சொட்டும் வரேல்லை. நீதானே என்னைப் பகிடி பண்ணினனீ."

"உனக்கென்ன விசரோ? நான் ரெண்டு கை ஏந்திக் குடிச்சனான். மேலெல்லாம் தெறிச்சது. உன்ரை குடம் நிறைஞ்சு நீ தூக்க ஏலாமல் நிண்டாய், நான்தான் ஒரு பக்கம் பிடிச்சனான். படம் கிடக்குத்தானே, போய்ப் பாரன்!"

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. என் நாலு பிள்ளைப்பேற்றுக்கும் பக்கத்தில் நின்றவள். நான் மற்றவர்களையும் கேட்டேன். கடைக்காரர் வந்தது என்றார். பூசகர் வந்தது என்றார். ஒருவர், தண்ணீர் தன் வேட்டியை நனைத்ததால் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். வராத தண்ணீர் இந்த ஊரில் எத்தனை பேரை நனைத்திருக்கிறது! பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தத் தாங்கிக்கு ஒரு காவற்காரர் இருக்கிறார். நாரந்தனைச் சந்தியாப்பிள்ளை அண்ணை. கடலுக்குப் போக ஏலாமல் போன பிறகு கம்பனி அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தது. நியாயத்தையும் சொல்லவேண்டும்: ஒரு மாதம் கூடத் தவறாமல் சம்பளம் வருகிறது, அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் கரையேறினார்கள். வெறுந்தாங்கிக்கு எதற்குக் காவல் என்று ஊர்ப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அவர் யாரையும் கல்லெறிய விடமாட்டார். போன மாசியில் நான் அந்த வழியால் வந்தேன். தாங்கியின் நிழல் ஒரு சிறிய வட்டமாய்க் காலடியில் சுருண்டு கிடந்த நேரம். அவர் தாங்கிக் காலில் காதை வைத்தபடி இருந்தார்.

"என்ன அண்ணை, என்ன கேக்கிறியள்?"

"உஷ்… பிள்ளை, நிரம்புது."

"என்னது?"

"வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறீர், இரும்" என்று ஏனத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே பிடித்துத் திருகினார். பிடித்துக்கொண்டே இருந்தார். ஏனம் பாரமாகிறதுபோல அவருடைய கை மெல்லமெல்லத் தாழ்ந்தது. பிறகு, சிந்தாமல், இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். உள்ளே பார்த்தேன். அடி தெரிந்தது. அலுமினியத்தில் ஒரு நெளிசல், அதில் சூரியன். நான் என்ன செய்வேன் மகனே? ஒரு கிழவர் இரண்டு கையாலும் தண்ணீர் தருகிறார். வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஏனத்தை வாயில் வைத்து அண்ணாந்தேன். "எப்பிடி?" என்று கேட்டார். "நல்ல தண்ணி அண்ணை" என்றேன். நடந்து வீட்டுக்கு வந்தேன். பொழுது படும்வரை எனக்குத் தண்ணீர் விடாயே எடுக்கவில்லை. தொண்டை குளிர்ந்தே இருந்தது.

அன்றையிலிருந்து எனக்குப் பயம். படத்தைப் பார்க்கும் நேரமெல்லாம், தண்ணீர் விழுந்ததோ, விழவில்லையோ என்று ஒரு கணம் தடுமாறுகிறது. அப்போதெல்லாம் படத்தில் என் கையைப் பார்க்கிறேன். நிறைகுடம் என்றால் கையை அதன் கழுத்தைச் சுற்றிப் போட்டு இடுப்போடு அணைப்போம். வெறுங்குடம்தான் வழுக்கும், அதைத்தான் விளிம்பில் விரல்களை மடக்கிப் பிடிப்போம். படத்தில் என் விரல்கள் விளிம்பில் மடங்கியிருக்கின்றன. தண்ணீரைத் தீட்டியவர் என் கையைத் தீட்டவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உன் கையில் நான் தண்ணீர் ஊற்றியதாக நீ எழுதியதை வாசித்தபோது, ஊற்றியதுபோல எனக்கும் ஒரு நினைவு வந்தது. உன் சின்னக் கைகள், நடுவில் வெயில், நீ சிரிக்கிறாய். அவ்வளவு வடிவான நினைவு. அது நடக்கவில்லை.

உன் கடிதம் வந்து நாலாம் நாள் கம்பனி ஜீப் வந்தது. வந்தவர் இளம் ஆள், மரியாதையானவர், கதிரையில் நுனியில் இருந்து கதைத்தார். உன்னைப் பற்றி அவர்களுக்குப் பெரிய மதிப்பு. படத்து அம்மாவின் மகனே தங்களிடம் வேலைக்கு வருவது கடவுள் செயல் என்றார். ஊர்களுக்கு உதவி செய்கிற பகுதியில் உன்னைப் போடப்போகிறார்களாம். நீதான் இனி ஊர் ஊராய்ப் போய்த் தாங்கி திறப்பாயாம். வருகிற வருஷத்துக் கலண்டரில் நானும் நீயும் அதே குழாயடியில் நிற்கவேண்டுமாம். "இந்த முறை கலர் அம்மா" என்றார். "தம்பி, இந்த முறை தண்ணி வருமோ?" என்று கேட்டேன். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். "வருகுதுதானே அம்மா?" என்றார். அவருடைய முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. கள்ளன் என்றால் கேள்வி கேட்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

யோசித்துவிட்டேன். நான் நிற்கமாட்டேன். உன்னைப் போகாதே என்று சொல்லவும் இல்லை. அந்தக் கம்பனியில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், சம்பளம் ஒழுங்காய்க் கொடுக்கிறார்கள், ஒரு கிழவரைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். மற்ற இடம் எப்படி என்று எனக்குத் தெரியாது. போய் அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள், முதலாளி அவர்களோடு இருந்து சாப்பிடுகிறாரோ என்று விசாரி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னர் நீ ஒரு தரம் ஊருக்கு வா. என்னிடம் கூட வரவேண்டாம், நேரே தாங்கியடிக்குப் போ. மத்தியானத்தில் போ. யாரையும் கூட்டிப் போகாதே. சந்தியாப்பிள்ளை அண்ணை ஏனத்தை நீட்டினால், பெற்ற தாய் சொல்கிறேன், வாங்காதே. அந்த மரியாதைக்கேட்டை நான் பிறகு சமாளித்துக்கொள்கிறேன். நீயே குழாயைத் திருகிப் பார்.

ஒன்றும் வராமல், வெறும் காற்று உன் விரலில் பட்டால், போய் அந்த வேலையில் சேர், ராசா. குழாய் காய்ந்து கிடக்கிறது என்று தெரிந்த ஒருவனாவது அங்கே இருக்கவேண்டும். அப்படி ஒருவன் இருந்தால் என்றைக்காவது அந்த இயந்திரம் வந்து சேரும். ஆனால் தண்ணீர் விழுந்தால், குளிர்ந்தால், உன் சட்டை நனைந்ததுபோல உனக்குத் தோன்றினால், குழாயை மூடிவிட்டு வீட்டுக்கு வா. அந்த வேலைக்குப் போகாதே. சம்பளம் கூடத் தருகிற மற்ற இடத்துக்குப் போ. அவர்கள் ஊருக்கு ஒன்றும் செய்யாதவர்களாகவே இருக்கட்டும். உனக்குத் தண்ணீர் விழுந்ததா இல்லையா என்று நான் கேட்கமாட்டேன். நீ சொல்வதை வைத்து என்னால் கண்டுபிடிக்க ஏலாது. உன் முடிவை வைத்துத்தான் தெரிந்துகொள்ளுவேன்.

இன்னொன்று. பெரியக்காவின் மூத்தவள், சின்ன மாமா இப்போது எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். காட்ட என்னிடம் இருப்பது நீ கொழும்புக்குப் போகும்போது எடுத்த, மீசை அரும்பாத படம்தான். ஒரு ஸ்ரூடியோவுக்குப் போய்ப் புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. தனியே நில். கொழும்பில் ஒழுங்காய்ச் சாப்பிடாமல் நீ மெலிந்திருப்பாய், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். படம் எடுக்கிறவர் தூரிகையோடு வந்து கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடட்டோ என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. மெலிந்தபடியே அனுப்பு.

அம்மா